பாதிச் சமையல்

சாப்பாட்டுச் செலவு எங்கே கைமீறிப் போகிறது என்று கேட்டால் பெரும்பாலோர் மளிகைக் கடையைக் காட்டுவார்கள். நான் பார்த்த அளவில் அது கைமீறுவது மாலை ஏழரை மணிக்கு. பஸ்ஸில் நின்றபடியே வந்து, செருப்பைக் கழற்றி, அடுக்களை விளக்கைப் போடுகிற நேரம். மதியச் சோறு கொஞ்சம் இருக்கும், குழம்பு இருக்காது. பிள்ளைகள் பசி என்று சொல்லத் தொடங்கியிருப்பார்கள். பருப்பு வேகவைத்து, காய் நறுக்கி, புளி கரைத்துச் சாம்பாரை இறக்க ஒரு மணி நேரமாவது ஆகும் என்று மனசு கணக்குப் போடும். அடுத்த நிமிஷம் கை பர்ஸைத் தேடும். தெருமுனைக் கடையில் நான்கு பேருக்குப் பரோட்டா பார்சல் வாங்கும் காசில் பாதி வாரத்துக்கான காய்கறி வந்துவிடும். இதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வராது. உடம்பு ஓய்ந்துபோன வேளையில் ஒரு மணி நேர வேலையைத் தொடங்கு என்றால் யாருக்குத்தான் முடியும்?

அந்த ஒரு மணி நேரத்தைப் பதினைந்து நிமிஷமாகக் குறைப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. ஞாயிற்றுக்கிழமையே ஏழு நாள் சாப்பாட்டையும் சமைத்து டப்பாக்களில் அடைத்துவிடுங்கள் என்று சொல்லப்போவதில்லை. அதை நான் செய்து பார்த்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை வரை ஓடும். புதன்கிழமை "மறுபடியும் அதே சாம்பாரா?" என்று கேள்வி வரும். வெள்ளிக்கிழமை மிச்சமெல்லாம் குப்பைக்குப் போகும். நம் நாக்குக்குச் சூடான சோறும் அப்போதுதான் தாளித்த வாசனையும் வேண்டும். அது இரண்டும் இருந்தால் குழம்பின் அடிப்படை மூன்று நாளைக்கு முந்தியதாக இருந்தாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆகவே சமையலில் நேரத்தையும் கேஸையும் தின்கிற பாதியை வாரத்தில் ஒருநாள் மொத்தமாக முடித்து வையுங்கள். தாளிப்பு, தேங்காய், கொத்தமல்லித் தழை ஆகிய மிச்சப் பாதியை அன்றன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு நான் பாதிச் சமையல் என்று பெயர் வைத்திருக்கிறேன். நம் ஆச்சிகளிடம் இதற்குத் தனிப்பெயர் கிடையாது. மாவு, புளிக்காய்ச்சல், பொடி, வற்றல் என்று நான்கு பொருள்கள் மட்டும் எப்போதும் அடுக்களையில் இருந்தன.

எது நிற்கும், எது நிற்காது என்பதை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். புளி, உப்பு, எண்ணெய் இம்மூன்றும் தூக்கலாகவும் தண்ணீர் குறைவாகவும் இருக்கிற பண்டம் நிற்கும். வறுத்து ஈரம் போக்கிய பண்டம் நிற்கும். தேங்காய் அரைத்து விட்டது நிற்காது. கீரை நிற்காது. உருளைக்கிழங்கு போட்ட குழம்பு சீக்கிரம் நுரைத்துப் போகும். திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சி ஒருவர் எனக்கு இதை ஒரே வரியில் சொன்னார்: "ஏளா, தேங்கா சேத்துட்டா அன்னைக்கே தீத்துரணும்." நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஒரு மே மாதம் பெரிய பாத்திரம் நிறையத் தேங்காய் அரைத்த குழம்பு வைத்தேன். இரவில் மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. காலையில் மூடியைத் திறந்தபோது ஓரமெல்லாம் சிறு குமிழிகள். இரண்டு நாள் காய், பருப்பு, தேங்காய், எண்ணெய் எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டினேன். அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குப் பிறகு தேங்காய் சேர்க்காத பாதியை மட்டுமே எடுத்து வைக்கிறேன்.

முதலில் சாமான். தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருப்பவர்களுக்கு 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிச்சந்தை விலையோடு ஒப்பிட்டால் இந்த இரண்டையும் ஒரு மாதம்கூடத் தவறவிடக் கூடாது என்பது புரியும். துவரைக்குப் பதிலாக மைசூர் பருப்பு போட்டால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். சீக்கிரம் வேகும், ரசத்துக்கு நன்றாகவே சேரும். ஒரு கிலோ பருப்பை வீட்டுக்கு வந்ததுமே நான்கு கால் கிலோ பொட்டலங்களாகக் கட்டிவிடுங்கள். ஒரு பொட்டலம் ஒரு வாரத்துக்கு. பருப்பு டப்பாவில் கிலோக்கணக்கில் கிடந்தால் கை தாராளமாக அள்ளும். பொட்டலமாக இருந்தால் தானாக அடங்கும்.

காய்க்கு உழவர் சந்தை. 1999 நவம்பரில் மதுரையில் முதல் சந்தை திறந்ததிலிருந்து இன்றுவரை விலைப் பலகை வாசலிலேயே தொங்குகிறது. விடிகாலையில் போனால் நல்ல காய் கிடைக்கும். கடையை எடுத்து வைக்கிற நேரத்தில் போனால் நல்ல விலை கிடைக்கும். நான் இரண்டாவது வகை. நாலு கத்திரிக்காய், இரண்டு முருங்கைக்காய், ஒரு கீற்று பரங்கி, கைப்பிடி அவரை என்று கூறுகட்டி மிஞ்சியதையெல்லாம் ஒன்றாகத் தள்ளிவிடுவார்கள். இந்தக் கதம்பக் காய் எதற்கு உதவும் என்று பிறகு சொல்கிறேன்.

சனிக்கிழமை இரவு படுக்கும் முன் ஒரு வேலை உண்டு. கால் கிலோ கொள்ளைக் கல் பொறுக்கிக் கழுவி ஊறப்போடுங்கள். காலையில் எழுந்ததும் நான்கு டம்ளர் ரேஷன் புழுங்கலரிசியைத் தண்ணீர் தெளியும்வரை நாலைந்து முறை கழுவி ஊறவையுங்கள். தனிப் பாத்திரத்தில் ஒரு டம்ளர் முழு உளுந்தும் ஒரு தேக்கரண்டி வெந்தயமும். ரேஷன் அரிசி வாடை என்று ஒதுக்குகிறவர்கள் பெரும்பாலும் அதைப் போதுமான அளவு கழுவாதவர்கள். நன்றாகக் கழுவினால் அந்தப் புழுங்கலரிசியில் இட்லி மெத்தென்று வரும்.

மாவு அரைத்ததும் எல்லோரும் செய்கிற தவறு, மொத்தத்தையும் ஒரே பாத்திரத்தில் புளிக்க வைப்பது. மூன்றாம் நாள் அது புளித்து வழிந்து, அடுத்த நாள் வாயில் வைக்க முடியாமல் போகிறது. இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் உப்புப் போட்டுக் கையாலேயே கலந்து வெளியில் வையுங்கள். மறு பாதியை உப்பில்லாமல், புளிக்க விடாமல், அரைத்த கையோடு ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வைத்துவிடுங்கள். செவ்வாய்க்கிழமை இரவு அதை வெளியே எடுத்து உப்புப் போட்டால் புதன்கிழமை காலையில் புது மாவு. இந்த அளவில் ஐம்பது இட்லிக்குக் குறையாது. முதல் நாள் இட்லி, அடுத்த இரண்டு நாள் தோசை, அடியில் தங்கும் புளித்த மாவில் வெங்காயமும் பச்சைமிளகாயும் நறுக்கிப் போட்டுப் பணியாரம். இட்லிக்கு மாவை எடுக்கும்போது பொங்கி நிற்பதை அடிவரை கிளறாமல் மேலாக அள்ளுங்கள். கிளறினால் உள்ளே இருக்கும் காற்று போய்விடும்.

அடுத்து குக்கர். பருப்புப் பொட்டலத்திலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மீதியை மஞ்சள்தூளும் ஒரு சொட்டு எண்ணெயும் விட்டு வேகவையுங்கள். புளி வேண்டாம், தக்காளி வேண்டாம். புளிப்புப் பட்டால் பருப்பு வேகவே நேரம் பிடிக்கும், கேஸ்தான் செலவாகும். மூடிய குக்கருக்குள் தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரியில் கொதிக்கிறது, அதனால்தான் அதில் வேலை சீக்கிரம் முடிகிறது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். முழுத் தீயில் விசில் எண்ணுவது சிலிண்டரைக் காற்றில் விடுவதுதான். வெந்த பருப்பை மசித்து மூன்று சின்ன எவர்சில்வர் டப்பாக்களில் பிரித்து வையுங்கள். திங்கள்கிழமை சாம்பார், செவ்வாய்க்கிழமை பருப்பு ரசம், புதன்கிழமை சுரைக்காய்க் கூட்டு. வெந்த பருப்பை மூன்று நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

பருப்பு இறங்கியதும் அதே சூட்டில் கொள்ளு ஏறட்டும். கொங்கு நாட்டு அடுக்களைகளில் கொள்ளுக்கு இருக்கும் மரியாதை மற்ற ஊர்களிலும் வரவேண்டும் என்பது என் ஆசை. நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் புரதம். விலை துவரம்பருப்பைவிடப் பெரும்பாலும் குறைவு. ஊறிய கொள்ளுக்கு நாலு மடங்கு தண்ணீர் விட்டு ஆறேழு விசில். வெந்ததும் தண்ணீரை வடித்துத் தனியாக எடுங்கள். செம்பழுப்பாக, லேசாகக் கெட்டியாக இருக்கும். அதைக் கொட்டிவிட்டால் பாதிச் சத்தையும் முக்கால் ருசியையும் கொட்டியதாகும். மிளகு, சீரகம், பூண்டு நசுக்கிப் போட்டு, கொஞ்சம் புளி கரைத்துவிட்டால் கொள்ளு ரசம். மழைநாளில் அதைச் சோற்றில் பிசைவதற்கு முன் ஒரு டம்ளர் குடித்துப் பாருங்கள். வடித்த கொள்ளில் பாதியைச் சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், மல்லி, சீரகம் வதக்கிச் சேர்த்துச் சட்டியில் கடையுங்கள். மத்தை அழுத்தித் திருப்பும்போது கொள்ளின் தோல் உடைந்து, உள்ளே இருக்கும் மாவு வெளியே வந்து, கலவை திடீரென்று ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும் ஒரு கட்டம் உண்டு. அங்கே நிறுத்துங்கள். முழுக்க விழுதாகிவிட்டால் வாயில் மண்போல ஒட்டும். மீதிப் பாதியைத் திங்கள்கிழமை பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும்போது சுண்டலாகத் தாளியுங்கள். ஒரே வேகவைப்பில் மூன்று பண்டம்.

அடுப்பின் மறுபக்கத்தில் இதற்குள் புளிக்காய்ச்சல் ஏறியிருக்க வேண்டும். வாரத்தையே தாங்கப்போவது இதுதான். அதனால் அவசரம் வேண்டாம். நூறு கிராம் புளி, அதாவது பெரிய எலுமிச்சை அளவில் மூன்று உருண்டை. இரண்டரை டம்ளர் சுடுதண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்துக் கெட்டியாகக் கரையுங்கள். நல்லெண்ணெய் நூறு மில்லி. இந்த எண்ணெயில் கை வைக்காதீர்கள். செலவைக் குறைக்க ஆயிரம் இடம் இருக்கிறது, இது அந்த இடம் அல்ல. எண்ணெய்தான் காய்ச்சலின் மேல் படலமாக நின்று காற்றுப் படாமல் காக்கிறது. எண்ணெய் காய்ந்ததும் கடுகு, இரண்டு மேசைக்கரண்டி கடலைப்பருப்பு, பன்னிரண்டு வரமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம், மஞ்சள்தூள். பருப்பு சிவந்ததும் புளித்தண்ணீரை ஊற்றி, இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்புப் போட்டு மிதமான தீயில் விடுங்கள்.

முதல் பத்து நிமிஷம் அது வெறும் புளித்தண்ணீர்தான், வாசனையும் மூக்கில் ஏறும். அதற்குப் பிறகு குமிழிகள் பெரிதாகி, மெதுவாக, கனமாக உடையத் தொடங்கும். கரண்டியால் அடியைச் சுரண்டிக்கொண்டே இருங்கள். இருபது இருபத்தைந்து நிமிஷத்தில் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். கரண்டியை இழுத்தால் சட்டியின் அடி ஒரு நொடி தெரிந்து மறையும். அதுதான் பதம். வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு தேக்கரண்டி, மல்லி இரண்டு மேசைக்கரண்டி, எள் ஒரு மேசைக்கரண்டி, நான்கு மிளகாய் ஆகியவற்றின் பொடியைத் தூவி, சுண்டுவிரல் நுனி அளவு வெல்லம் போட்டு இறக்குங்கள். நன்றாக ஆறியபின் ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில். ஈரக் கரண்டி படாமல் பார்த்துக்கொண்டால் ஃபிரிட்ஜில் ஒரு மாதம் இருக்கும். நிலக்கடலையை மட்டும் காய்ச்சலோடு சேர்க்காதீர்கள், ஊறி நமுத்துப்போகும். கால் கிலோ கடலையை மொத்தமாக வறுத்துத் தனி டப்பாவில் வையுங்கள். சோறு பிசையும்போது ஒரு கைப்பிடி போட்டால் கடலை கடலையாக நிற்கும், புரதமும் சேரும்.

பொடிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொட்டுக்கடலை இருநூறு கிராம், வறுத்த வரமிளகாய் எட்டு, ஒரு தேக்கரண்டி சீரகம், பெருங்காயம், உப்பு. பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது என்பதால் சட்டியில் சூடு காட்டினால் போதும். ஆறவிட்டு அரையுங்கள். சூட்டோடு அரைத்தால் வேர்த்துக் கட்டிபிடிக்கும்.

தக்காளித் தொக்கு எப்போதும் வேண்டாம், தக்காளி மலிகிற வாரத்தில் மட்டும். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடைகளிலேயே கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டிவந்தது. அதே தக்காளி வேறொரு மாதம் கூடைகூடையாக ரோட்டில் கொட்டப்படும். மலியும்போது மூன்று கிலோ வாங்கிச் சுண்டக் காய்ச்சி வைத்தவருக்கு விலையேற்றம் சீக்கிரம் உறைக்காது. தொக்கு தீர்ந்துவிட்டால் புளியை வைத்துச் சமாளிக்கலாம். தக்காளி வந்து சேருவதற்கு முன்னும் நம் முன்னோர் குழம்பு வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இத்தனையும் முடியும்போது மணி பன்னிரண்டாகியிருக்கும். மதியச் சோற்றுக்கு இனி யாருக்கும் தெம்பு இருக்காது. இங்கேதான் அந்தக் கதம்பக் காய் வருகிறது. நெல்லைப் பக்கத்துக் கூட்டாஞ்சோறு. இரண்டு டம்ளர் அரிசி, தனியே எடுத்துவைத்த ஒரு கைப்பிடிப் பருப்பு, நறுக்கிய கத்திரி, முருங்கை, வாழைக்காய், அவரை, பரங்கி எல்லாம் ஒரே பானையில். அரிசியும் பருப்பும் பாதி வெந்ததும் காய், கொஞ்சம் புளிக்கரைசல், உப்பு. ஒரு மூடித் தேங்காயில் பாதியைச் சீரகம், சின்ன வெங்காயம், மிளகாய், மஞ்சளோடு கொரகொரப்பாக அரைத்துச் சேருங்கள். இறக்கும் முன் ஒரு பிடி முருங்கைக்கீரை, மேலே வடகம் தாளிப்பு. தேங்காய் போட்டதால் அன்றைக்கே தீர்க்க வேண்டிய பண்டம்தான், ஆனால் அது மிஞ்சி நான் பார்த்ததில்லை. இரவுக்கும் அதுவே போதும், ஓர் அப்பளம் சுட்டால் ஆயிற்று.

சோற்றை மட்டும் மொத்தமாக வடித்து வைக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். அரிசியில் இருக்கும் ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் அவை பெருகி நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. சோறு வடிக்க இருபது நிமிஷம்தானே, அன்றன்றைக்கு வடியுங்கள். இரவில் மிஞ்சியதில் முழுக்க மூழ்கும்படி நல்ல தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். காலையில் உப்பு, மோர், சின்ன வெங்காயம். பழையதைக் காலையிலேயே தீர்த்துவிடுங்கள், கோடையில் மத்தியானத்துக்குத் தள்ள வேண்டாம். மற்றப் பண்டங்களையும் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். எடுக்கும்போது அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கொதிக்கவிடுங்கள். பெரிய பாத்திரத்தை நாலுமுறை வெளியே எடுத்துச் சுடவைத்து மறுபடி உள்ளே வைப்பதால்தான் பல வீடுகளில் குழம்பு கெடுகிறது.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் என்ன செய்வது? எனக்கும் முதல் நான்கு வருஷம் ஃபிரிட்ஜ் கிடையாது. அப்போது பருப்பு வேகவைத்து வைக்கும் பகுதியை விட்டுவிடுங்கள். புளிக்காய்ச்சல், பொடி, வறுத்த கடலை, சுண்டைக்காய் வற்றல், கருவாடு இவை நிற்கும். புளிக்காய்ச்சலை ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவில் மட்டும் கிண்டுங்கள். தேங்காய் இல்லாத வத்தக்குழம்பைக் காலையும் மாலையும் கொதிக்கவிட்டால் இரண்டு நாள் தாங்கும். மாவைப் பாதியளவில் அரையுங்கள். கேழ்வரகுக் களி கிண்டி உருண்டைகளாக்கித் தண்ணீரில் போட்டுவைத்தால் மறுநாள் மோர் விட்டுக் கரைத்துக் கூழ். கேழ்வரகில் நூறு கிராமுக்கு முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பால் வாங்க முடியாத வாரத்தில் பிள்ளைகளுக்கு அது பெரிய துணை.

மீன் சாப்பிடுகிறவர்கள் சாளை மலியும் நாளைக் கவனித்துக்கொள்ளுங்கள். மத்தி என்றும் சொல்வார்கள். புளி தூக்கலாக, தேங்காய் இல்லாமல் மண்சட்டியில் வைத்தால் மறுநாள்தான் குழம்பு மீனுக்குள் இறங்கியிருக்கும். இரண்டாம் நாளோடு முடித்துவிடுங்கள்.

புதன்கிழமையோடு பருப்பு டப்பாக்கள் காலி. வியாழக்கிழமை மாலை ஏழரை. செருப்பைக் கழற்றியதும் அரிசியைக் களைந்து அடுப்பில் ஏற்றிவிட்டு முகம் கழுவிக்கொள்ளுங்கள். சோறு வெந்ததும் தாம்பாளத்தில் கொட்டி, அரைக்கரண்டி எண்ணெய் விட்டு, காய்ச்சலை இரண்டு கரண்டி போட்டுப் பிசறுங்கள். சின்ன இரும்புக் கரண்டியில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் காயவைத்துக் கடுகும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் பொரியவிட்டு, கடலையோடு அதன்மேல் கொட்டுங்கள். கறிவேப்பிலை சடசடக்கும் சத்தத்துக்கே உள்ளறையிலிருந்து ஆள் வந்துவிடும். வெள்ளிக்கிழமை தோசைக்குப் பொடி இருக்கிறது, சனிக்கிழமைக்குப் பணியாரம். பாட்டிலில் காய்ச்சல் இரண்டு விரல் உயரத்துக்கு வந்துவிட்டதா? அப்படியானால் கை கழுவும் முன் நாளைய பட்டியலில் புளி நூறு கிராம் என்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். கொள்ளு டப்பாவையும் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.